மனநலக் காவல் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு: சிங்கப்பூரில் ஒரு குடும்பம் செய்ய வேண்டியவை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அண்டை வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று அவன் பல மாதங்களாக நம்பியிருந்தான். ஒருநாள் மாலை, எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் பொது நடைபாதையில் அவரை அடித்துவிட்டான். கைது, விசாரணைக் காவல், மருத்துவ அறிக்கை என்று ஒவ்வொன்றாக நடந்து, கடைசியில் அவனை மனநலக் கழகத்தில் (ஐஎம்எச்) அடைத்துவைக்கும் உத்தரவு வந்தது. அதை எதிர்க்கப் புறப்பட்ட நாங்கள், எதிர்க்க வேண்டிய இடம் எதுவென்றே தெரியாமல் பணத்தையும் நாட்களையும் இழந்தோம். இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பம் அந்த இழப்பிலிருந்து தப்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. இதைப் படித்துவிட்டு வழக்கறிஞரிடம் போனால், என்ன கேட்க வேண்டும் என்ற தெளிவுடன் போவீர்கள்.

1. கையில் இருப்பது எந்த உத்தரவு என்று முதலில் பாருங்கள்

"கோர்ட் ஆர்டர் போட்டு ஐஎம்எச்சில் வைத்துவிட்டார்கள்" என்றுதான் எல்லாக் குடும்பங்களும் சொல்கின்றன. அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஐந்து வேறு வேறு நிலைகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. ஆகவே நீதிமன்றத்திலிருந்து உத்தரவின் நகலைப் பெற்று, அதில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலாவது, கண்காணிப்புக்கான காவல். குற்றம் சாட்டப்பட்டவர் சித்த சுவாதீனம் இல்லாதவராக இருக்கலாம் என்று நீதிமன்றம் சந்தேகித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 247-ஆம் பிரிவின்கீழ், ஒரு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு அவரை மனநல நிலையத்தில் வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம். இது தண்டனை அல்ல; பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும். இதை எதிர்ப்பதில் சக்தியைச் செலவிடாதீர்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை வேறு. அதை 4-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது, வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்ற முடிவு. பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாத மனநிலையில் அவர் இருக்கிறார் என்று நீதிமன்றம் தீர்மானித்தால், வழக்கு அங்கேயே நின்றுவிடும். குற்றம் பிணையில் விடத்தக்கதாக இருந்து, அவரைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் தடுப்போம், அழைக்கும்போது நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவோம் என்பதற்குப் போதிய பிணை உத்தரவாதம் தரப்பட்டால், நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். இல்லாவிட்டால் வழக்கு பற்றி அமைச்சருக்கு அறிக்கை போகும். அமைச்சர் அவரை மனநல நிலையத்தில் அடைத்துவைக்க உத்தரவிடலாம்.

மூன்றாவது, சித்த சுவாதீனமின்மை காரணமாக விடுவிப்பு. செயலைச் செய்தார், ஆனால் செய்த நேரத்தில் அதன் தன்மையை அறியும் நிலையில் இல்லை என்று தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி முடிவானால், அவர் குற்றவாளி அல்ல என்றுதான் தீர்ப்பு வரும். ஆனால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பாதுகாப்பான காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டு அமைச்சருக்கு அறிவிக்கும். அதன்பின் அதிபரின் விருப்பத்துக்கு உட்பட்ட காலம்வரை, அதாவது முடிவுத் தேதி குறிக்கப்படாமல், அவர் மனநல நிலையத்திலோ சிறையிலோ வேறு தகுந்த இடத்திலோ வைக்கப்படலாம். "விடுதலை" என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பம் அழுது மகிழ்ந்துவிட்டு, மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

நான்காவது, கட்டாயச் சிகிச்சை உத்தரவு. இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 339-ஆம் பிரிவின்கீழ் வரும் சமூகத் தண்டனை. 2018 அக்டோபர் 31 முதல் இதன் உச்சக் காலம் 24 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்ந்தது. அவர் பெரும்பாலும் வீட்டில் இருந்துகொண்டே சிகிச்சைக்குப் போவார். இது குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பிறகு வரும் உத்தரவு என்பதால், இதை எதிர்த்தும், இது கிடைக்காமல் சிறைத்தண்டனை கிடைத்தால் அதை எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்தாவது, நீதிமன்றமே சம்பந்தப்படாத மருத்துவமனைக் காவல். 2008-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்கீழ் மருத்துவர்கள் முதலில் 72 மணி நேரம், பிறகு ஒரு மாதம், அதன்பின் ஆறு மாதம்வரை ஒருவரைத் தங்கவைக்கலாம். அதற்கும் மேல் நீட்டிக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். காவல்துறை கொண்டுபோய்ச் சேர்த்தாலும் இது குற்ற வழக்கின் உத்தரவு ஆகாது. இதற்குக் குற்றவியல் மேல்முறையீடு என்பதே இல்லை. மருத்துவக் குழுவிடமும், மனநல நிலையத்தைப் பார்வையிட அமைச்சர் நியமிக்கும் வருகையாளர்களிடமும் முறையிட வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும்தான் குடும்பங்களைச் சிக்கவைக்கின்றன. மேல்முறையீட்டு உரிமையைச் சட்டம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்குத் தருகிறது. என் தம்பி குற்றவாளி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அவன் இரண்டாவது நிலையில் இருந்தான். இது தெரியாமல், முதலில் போன ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மேல்முறையீட்டுக்கென்று கேட்ட முன்பணத்தைக் கட்டினோம். இரண்டாவதாகப் பார்த்தவர் உத்தரவை ஒரு நிமிடம் படித்துவிட்டு, "அக்கா, இதில் தண்டனையே இல்லையே, எதை எதிர்த்து மேல்முறையீடு?" என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இத்தகைய நிலையில், கீழ் நீதிமன்ற ஆவணங்களை வரவழைத்து உத்தரவின் சட்டப்பூர்வத் தன்மையை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கும் குற்றவியல் சீராய்வு என்ற வழி உண்டு. ஆனால் கடுமையான அநீதி நேர்ந்திருப்பதைக் காட்டினால்தான் அது கைகொடுக்கும். நடைமுறையில் பயன் தருவது 7-ஆம் பகுதியில் சொல்லும் வழிதான்.

2. பதினான்கு நாளை எண்ணுங்கள்

உங்கள் நிலை மேல்முறையீடு செய்யத்தக்கது என்றால், மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு, தண்டனை அல்லது உத்தரவு பிறப்பிக்கப்பட்ட தேதியிலிருந்து 14 நாட்களுக்குள் நீதிமன்றப் பதிவகத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். நீதிபதி எழுத்துவடிவில் காரணங்களைத் தந்த பிறகுதான் நாள் தொடங்கும் என்று பலர் நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது தவறு. அந்தக் காரணங்களே பெரும்பாலும் நீங்கள் அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் எழுதப்படும்.

அரசு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கொலை போன்ற வழக்கை உயர் நீதிமன்றமே விசாரித்திருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். காவலில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே அறிவிப்பைக் கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பார். ஆகவே "உள்ளே இருப்பதால் கையெழுத்து வாங்க முடியவில்லை" என்று நாட்களை விட்டுவிடாதீர்கள்.

காலக்கெடு தாண்டிவிட்டால், தாமதத்துக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தில் தனியாக மனுச் செய்யலாம். எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், மேல்முறையீட்டில் வலு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். நோய் முற்றியிருந்ததால் அவரால் முடிவெடுக்க முடியவில்லை என்பது காரணமாக இருந்தால், அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும், வாய்ச்சொல் போதாது.

3. வழக்கறிஞரும் செலவும்

மேல்முறையீட்டில் மனுதாரர் உங்கள் தம்பியோ, மகனோ, கணவரோதான், நீங்கள் அல்ல. வழக்கறிஞர் அவருடைய அறிவுறுத்தலின்படிதான் நடக்க வேண்டும். பணம் கட்டுவது நீங்கள் என்பதால் நீங்கள் சொல்வதைக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தெளிவாக அறிவுறுத்தும் நிலையில் அவர் இல்லாவிட்டால் வழக்கறிஞரின் கை கட்டப்பட்டுவிடும். அப்போது அதையே நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பதுதான் சரியான வழி. என் தம்பி முதல் சந்திப்பில் வழக்கறிஞரையும் அண்டை வீட்டுக்காரரின் ஆள் என்று நினைத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, மூன்றாவது சந்திப்பில்தான் பேசினான். இதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கையில் பணம் இல்லையென்றால் முதலில் அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை அணுகுங்கள். இது 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மரண தண்டனை இல்லாத குற்ற வழக்குகளில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உதவுகிறது. வருமானச் சோதனை உண்டு; வீட்டில் ஒருவருக்கான சராசரி மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு மேற்படக் கூடாது என்பது தொடங்கியபோது வைத்த அளவு. வீட்டின் ஆண்டு மதிப்பையும் சேமிப்பையும் பார்ப்பார்கள். வழக்கில் வலு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழி விண்ணப்பிக்கும் முன், வீட்டில் உள்ள எல்லாருடைய சம்பளச் சீட்டுகளையும் மத்திய சேமநிதி (மசெநி) அறிக்கைகளையும் எடுத்துவையுங்கள். எங்கள் அப்பாவின் மசெநி அறிக்கை இல்லாமல் விண்ணப்பம் ஒரு வாரம் நின்றது. அந்த ஒரு வாரம் பதினான்கில் பாதி.

அங்கே தகுதி இல்லையென்றாலும், வேலை அனுமதியில் இருக்கும் ஒருவருக்காகக் கேட்கிறீர்கள் என்றாலும், புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் கேளுங்கள். குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தை அவர்கள் நடத்துகிறார்கள். ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றக் கட்டடத்திலேயே சமூக நீதி நிலையம் இருக்கிறது. படிவங்களைப் புரிந்துகொள்ளவும், வழக்கறிஞர் இல்லாமல் வந்தவர்களுக்கு வழிசொல்லவும் அங்கே ஆட்கள் உண்டு.

பெரிய செலவு எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டணம் அல்ல; தனியார் வழக்கறிஞர் கட்டணமும், சுயேச்சையான மனநல மருத்துவர் அறிக்கைக்கான கட்டணமும்தான். பின்னது சில ஆயிரம் வெள்ளி வரை போகும். மருத்துவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். அறிக்கைக்கு மொத்தமாக எவ்வளவு, சிறைக்குச் சென்று பார்ப்பதற்கு எவ்வளவு, நீதிமன்றத்துக்கு வருவதற்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். மனநலக் கழகத்தில் ஆகும் சிகிச்சைச் செலவுக்கு அங்குள்ள மருத்துவ சமூக ஊழியரிடம் பேசுங்கள். வசதியற்ற சிங்கப்பூரர்களுக்கு மெடிஃபண்ட் உதவி உண்டு. கடன் வாங்கும் முன் அவரைப் பாருங்கள்.

4. மருத்துவ அறிக்கை: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

இந்த வழக்குகளில் இரண்டு கேள்விகள் உண்டு. அன்று, அந்தச் செயலைச் செய்த நேரத்தில், அவருடைய மனநிலை எப்படி இருந்தது? இன்று, வழக்கைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் நிலையில் இருக்கிறாரா? முதல் கேள்வியின் விடை அவர் குற்றவாளியா என்பதையும் தண்டனையையும் பாதிக்கும். இரண்டாம் கேள்வியின் விடை வழக்கு நடக்குமா என்பதைத் தீர்மானிக்கும். அறிக்கையைக் கையில் எடுத்ததும் இவ்விரண்டையும் பென்சிலால் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஒன்றுக்குச் சொன்ன விடையை மற்றதற்கு எடுத்துக்கொண்டு வாதாடினால் உங்கள் வாதம் சரிந்துவிடும்.

கட்டாயச் சிகிச்சை உத்தரவு கேட்பதாயிருந்தால், நியமிக்கப்பட்ட மனநல மருத்துவரின் அறிக்கை மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: அவருக்குச் சிகிச்சைக்குக் கட்டுப்படும் மனநோய் இருக்கிறது, அவர் அந்தச் சிகிச்சைக்கு ஏற்றவர், குற்றம் நிகழ்ந்ததற்கான காரணங்களுள் அந்த நோயும் ஒன்று. மூன்றாவதில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் விழுகின்றன. நோய் இருப்பது வேறு, நோய்க்கும் செயலுக்கும் தொடர்பு இருப்பது வேறு.

அந்தத் தொடர்பைக் காட்டும் தகவல் பெரும்பாலும் குடும்பத்திடம்தான் இருக்கிறது. மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டில் எப்படி இருந்தார், எப்போதிலிருந்து மாற்றம், தூங்கினாரா, தனக்குத்தானே பேசினாரா என்று கேட்பார். எங்கள் வீட்டுக்கு அந்த அழைப்பு வந்தபோது அம்மா சமையலறையில் இருந்தார். அடுப்பைக்கூட அணைக்காமல், "நல்லாத்தான் இருந்தான், நல்ல பிள்ளை டாக்டர், வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தான்" என்று ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார். அவன் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டிவைத்திருந்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று புட்டித் தண்ணீராக வாங்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தால் தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் அம்மா எதையும் சொல்லவில்லை. சம்பவத்துக்கு முன் நோய்க்குறிகள் இருந்ததாகக் குடும்பத்தார் கூறவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. வழக்கு மீண்டும் தொடங்கியபோது அரசாங்கத் தரப்பு அந்த வரியைத்தான் முதலில் வாசித்தது.

அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் வீடுகளில் இந்த நோயை இப்படித்தான் மூடிவைக்கிறோம். ஆனால் மருத்துவரிடம் மறைத்தது பிள்ளைக்கு எதிராகவே திரும்பும் என்பதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள பெரியவர்களிடம் அழைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்து சொல்லிவையுங்கள்.

கண்காணிப்புக் காவலின் முதல் வாரத்திலேயே கீழ்க்கண்டவற்றைச் சேகரித்து, வழக்கறிஞர் வழியாக மருத்துவருக்குக் கொடுங்கள். பலதுறை மருந்தகத்திலோ தனியார் மருத்துவரிடமோ முன்பு பார்த்ததற்கான சீட்டுகள், பரிந்துரைக் கடிதங்கள். மருந்து வாங்கிய ரசீதுகள், வாங்காமல் விட்ட மாதங்கள் உட்பட. வேலையை விட்ட தேதியைக் காட்டும் முதலாளியின் கடிதம். அவர் அனுப்பிய வினோதமான வாட்ஸ்அப் செய்திகள், தேதி தெரியும்படி படமெடுத்து. நகர மன்றத்துக்கோ காவல்துறைக்கோ அவர் எழுதிய புகார்கள். முன்பு ஆம்புலன்ஸோ காவல்துறையோ வீட்டுக்கு வந்திருந்தால் அந்தத் தேதிகள். அத்துடன், எந்த மாதம் என்ன நடந்தது என்று இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் ஒரு காலவரிசை எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற உண்மைகளும் போய்விடும்.

மேல்முறையீட்டில் புதிய அறிக்கை ஒன்றைச் சேர்க்க விரும்பினால், அதை நீதிமன்றம் தானாக ஏற்காது. முந்தைய விசாரணையிலேயே முயன்றிருந்தால் கிடைத்திருக்காது, முடிவை மாற்றக்கூடிய முக்கியத்துவம் உடையது, நம்பத்தக்கது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். "அப்போது பணம் இல்லை, இப்போது வேறு மருத்துவரிடம் வாங்கினோம்" என்று மட்டும் சொல்லி நிற்பது பலவீனமான நிலை. அதனால்தான் முதல் அறிக்கையின் நாட்களில் உழைக்கச் சொல்கிறேன்.

5. அறிவிப்புக்குப் பிறகு மேல்முறையீட்டு மனு

அறிவிப்பு என்பது கதவைத் தட்டுவது மட்டும். அதன்பின் நீதிபதி தீர்ப்பின் காரணங்களை எழுதுவார். வழக்குப் பதிவேடும் காரணங்களும் உங்களுக்கு அனுப்பப்படும். இதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அவை கையில் கிடைத்ததிலிருந்து இன்னொரு 14 நாள் ஓடத் தொடங்கும். அதற்குள் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால், மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதிவிடுவார்கள். முதல் 14 நாளைச் சரியாகப் பிடித்த குடும்பங்கள் இந்த இரண்டாவதில் தவறுகின்றன. ஆவணம் வரும் முகவரியில் யாராவது தினமும் தபால் பெட்டியைப் பாருங்கள். வீடு மாறினால் பதிவகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

மனுவில், நீதிபதி எந்த உண்மையில், எந்தச் சட்டக் கருத்தில் தவறினார் என்று குறிப்பாக எழுத வேண்டும். எழுதாத காரணத்தை விசாரணையன்று நீதிமன்ற அனுமதியின்றி எடுக்க முடியாது. "தண்டனை அதிகம், குடும்பம் கஷ்டப்படுகிறது" என்று எழுதுவதால் பயனில்லை. "மருத்துவர் அறிக்கையின் இன்ன பத்தியில் நோயும் காரணங்களுள் ஒன்று என்று கூறப்பட்டிருந்தும், நீதிபதி அதற்கு எடை தரவில்லை" என்பதுதான் மேல்முறையீட்டுக் காரணம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத்தையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. மேல்முறையீடு போட்டதும் உத்தரவு நின்றுவிடாது

மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் மட்டும் தண்டனையோ உத்தரவோ நிறுத்திவைக்கப்படுவதில்லை. நிறுத்திவைக்கவும் பிணைக்கும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது, வெளியே வந்தால் மருந்து யார் கொடுப்பார் என்ற கேள்விக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் சகிதம் பதில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். தண்டனை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அதன் தன்மையை மாற்றலாம், கூட்டவும் செய்யலாம். அரசாங்கத் தரப்பும் மேல்முறையீடு செய்யலாம். 2018-இல், கடுமையான மனமயக்கத்தின் பிடியில் மனைவியைக் கொன்ற ஒருவருக்கு உயர் நீதிமன்றம் விதித்த 2 ஆண்டுச் சிறையை, அரசாங்கத் தரப்பின் மேல்முறையீட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6 ஆண்டாக உயர்த்தியது. நோய் இருப்பது எப்போதும் தண்டனையைக் குறைக்கும் என்று எண்ண வேண்டாம். பொதுமக்களின் பாதுகாப்பு என்ற தட்டிலும் நீதிமன்றம் எடை வைக்கும். கட்டாயச் சிகிச்சை உத்தரவே பாரம் என்று அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நினைப்பவர்களிடம் நான் வெளிப்படையாகச் சொல்வேன்: பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த உத்தரவு கிடைத்ததே நல்ல காலம், அதைக் கலைத்தால் அதற்குப் பதிலாக வருவது சிறையாக இருக்கலாம்.

7. தண்டனை இல்லாமல் அடைத்துவைக்கப்பட்டிருந்தால்

இரண்டாவது, மூன்றாவது நிலைகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

வழக்கை எதிர்கொள்ள இயலாதவர் என்று அறிக்கை வந்த நாளிலேயே, குற்றம் பிணையில் விடத்தக்கதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆம் என்றால், குடும்பம் பொறுப்பேற்கத் தயார் என்று அன்றே நீதிமன்றத்தில் சொல்லுங்கள். எங்கள் வழக்கில் அந்த வாய்ப்பு இருந்தது. நானும் அப்பாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்ற பேச்சு எழுந்தது எங்களுக்குப் புரியவே இல்லை. எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தின் விலையை என் தம்பி மாதக்கணக்கில் கொடுத்தான்.

அடைக்கப்பட்ட பிறகும் வழி மூடிவிடுவதில்லை. அவர் தேறி, வழக்கை எதிர்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார் என்று சான்றளிக்கப்பட்டால் வழக்கு மீண்டும் தொடங்கும். தனக்கோ பிறருக்கோ ஆபத்தின்றி விடுவிக்கலாம் என்று மனநல நிலையத்தின் வருகையாளர்கள் சான்றளித்தால் அமைச்சர் விடுவிக்க உத்தரவிடலாம். உறவினரோ நண்பரோ தகுந்த உத்தரவாதம் தந்து, தம் பொறுப்பில் ஒப்படைக்குமாறும் கேட்கலாம். ஆக, நீங்கள் நம்பவைக்க வேண்டியவர்கள் மூவர்: சிகிச்சை அளிக்கும் மருத்துவர், வருகையாளர்கள், அமைச்சர்.

இதற்காக நாங்கள் ஒரு கோப்பு தயாரித்தோம். முதல் பக்கத்தில், வாரத்தின் ஏழு நாளும் எந்நேரத்தில் வீட்டில் யார் இருப்பார் என்ற அட்டவணை. அதற்காக நான் பகுதிநேர வேலைக்கு மாறினேன், மாற்றியதற்கான கடிதத்தையும் இணைத்தேன். அடுத்து, மருந்துப் பெட்டியின் படம், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்ற குறிப்பு. மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு அழைத்துப்போகும் பொறுப்பு சித்தப்பாவுக்கு என்று அவர் கையெழுத்திட்ட தாள். அண்டை வீட்டுக்காரர் அங்கேயே இருப்பதால், தம்பி ஈசூனில் உள்ள சித்தப்பா வீட்டில் தங்குவான் என்ற ஏற்பாடு, அந்த வீட்டு உரிமையாளரின் ஒப்புதல். நோய் திரும்புவதன் முதல் அறிகுறிகள் ஐந்து, அவை தெரிந்தால் யாரை அழைப்போம் என்ற வரிசை; அதில் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. கடைசியில், எங்கள் வருகைகளின் தேதிப் பட்டியல். தம்பிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்து, நீண்ட நேரம் நிறுத்திப் படித்தது எங்கே தங்குவான் என்ற பக்கத்தைத்தான். பாதிக்கப்பட்டவரின் பக்கத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பிணை ஆவணங்களுக்கு அடையாள அட்டை, வருமானச் சான்று, முகவரிச் சான்று, உத்தரவாதத் தொகைக்கான வங்கி அறிக்கை ஆகியவை வேண்டும். வயதான பெற்றோரை மட்டும் உத்தரவாதமாக நிறுத்தாதீர்கள். அவரைத் தடுத்து நிறுத்தும் வலு அவர்களுக்கு இருக்கிறதா என்ற கேள்வி நியாயமாகவே வரும்.

காவலில் வைப்பதற்கான சட்ட அதிகாரமே இல்லை, அல்லது உத்தரவின் காலம் முடிந்தும் விடவில்லை என்பது உங்கள் நிலையானால், காவலை மறுபரிசீலனை செய்யும் உத்தரவு கோரி உயர் நீதிமன்றத்தை நாடலாம். இது அரிதான வழி. வழக்கறிஞர் இல்லாமல் இறங்காதீர்கள்.

8. விசாரணை நாளும் அதற்குப் பின்னும்

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். குற்ற வழக்கில் நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். என் தம்பி ஆங்கிலத்தில் படித்தவன். ஆனால் நோயின்போது அவனுக்கு வாய்த்தது தமிழ்தான். காலை மருந்தைக் கொடுக்காமல் அழைத்து வராதீர்கள். தூக்கமாக இருப்பான் என்பதால் மருந்தை நிறுத்துவது மிகப் பெரிய தவறு.

வழக்கு மீண்டும் நடந்து, என் தம்பிக்கு 24 மாதக் கட்டாயச் சிகிச்சை உத்தரவு கிடைத்தது. அம்மா இம்முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஜன்னல் தாள்களைக்கூட. உத்தரவை மீறினால் வழக்கு மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போய், அதே குற்றத்துக்கு வேறு தண்டனை வரக்கூடும். அதனால் வெளியே வரும் நாளிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த சந்திப்புத் தேதி, அடுத்த ஊசித் தேதி, கையில் தரும் மருந்து எத்தனை நாளுக்கு வரும். தவிர்க்க முடியாமல் ஒரு சந்திப்புக்குப் போக முடியாவிட்டால் அதற்கு முன்பே அழைத்துச் சொல்லி, யாரிடம் எந்நேரத்தில் சொன்னீர்கள் என்று குறித்துவையுங்கள். உத்தரவின் நகலையும் சந்திப்பு அட்டையையும் நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தம்பியின் தோள்பையில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதி சித்தப்பா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், மருந்து அட்டவணைக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.